ரைஷன்ஹால் ஐஸ் ரிங்க், 2006: பனிய அளந்தாங்க, கூரைய அளக்கல

2006 ஜனவரி 2, ஜெர்மனியோட தெற்கு மூலைல ஆல்ப்ஸ் மலை ஓரமா இருக்கற பாட் ரைஷன்ஹால்ங்கற ஊர்ல, மதியம் 3:54க்கு ஒரு ஐஸ் ஸ்கேட்டிங் ஹாலோட கூரை அப்படியே உள்ள இறங்கிடுச்சு. 15 பேர் செத்துப்போனாங்க, பெரும்பாலும் குழந்தைங்க, டீனேஜ் பசங்க. 34 பேருக்கு காயம். அப்போ அந்த ஊர்ல பனி கொட்டித் தீத்துட்டு இருந்துச்சு, அதனால பனி வெயிட் தாங்காம விழுந்துடுச்சுன்னு தான் முதல்ல எல்லாரும் பேசினாங்க.

ஆனா விசாரணைல வந்தது வேற. கூரை மேல அன்னைக்கு நிறைய பனி இருந்தது உண்மை, ஆனா அந்த எடை டிசைன்ல அனுமதிச்ச அளவுக்குக் கீழதான் இருந்துச்சு. நகராட்சி தரப்புலயும் அன்னைக்கு பனிய அளந்து பாத்தோம், லிமிட்டுக்குள்ளதான் இருந்துச்சுன்னு சொன்னாங்க. அதுவும் இல்லாம, சாயந்திரம் நடக்க வேண்டிய ஐஸ் ஹாக்கி ட்ரெய்னிங்க கேன்சல் பண்ணிட்டாங்க, ஹால மூடிட்டு கூரைய க்ளீன் பண்ணலாம்னு. மதியம் வந்த பொதுமக்கள் மட்டும் ஸ்கேட்டிங் பண்ணிட்டு இருந்தாங்க, அப்பதான் விழுந்துச்சு.

இந்த கேஸ நான் எழுதறதுக்கு காரணம் இதுதான். கூரை மேல பனி எவ்ளோ வெயிட்டுன்னு கணக்கு போடறத பத்தி நிறைய பேர் பேசறாங்க, டெப்த் அளக்கறது, டென்சிட்டி பெருக்கறது, ஆப் கூட இருக்கு. ஆனா அந்த கணக்குல வர்றது ஒரு நம்பர் மட்டும்தான். அத இன்னொரு நம்பரோட கம்பேர் பண்ணாதான் பாதுகாப்பா இல்லையான்னு சொல்ல முடியும், அந்த ரெண்டாவது நம்பர், அதாவது இந்த கூரை இன்னைக்கு உண்மைல எவ்ளோ தாங்கும்ங்கறத, யாரும் தொட்டுப் பாக்கறதே இல்ல, பழைய டிராயிங்ல எழுதி இருக்கறத அப்படியே எடுத்துக்கறாங்க. ரைஷன்ஹால்ல முதல் நம்பர் ஓரளவு சரியாவே இருந்துச்சு. ரெண்டாவது நம்பர் கட்டின நாள்லேந்தே தப்பு.

மொதல்ல முதல் நம்பர பாத்துடுவோம், ஏன்னா அதுலயே ஏமாறறதுக்கு நிறைய இடம் இருக்கு.

அடிப்படை ரொம்ப சிம்பிள்: ஒரு சதுர மீட்டர் மேல ஒரு மில்லிமீட்டர் தண்ணி நின்னா அது ஒரு லிட்டர், ஒரு கிலோ. பனிங்கறது காத்து கலந்த தண்ணிதான், அதனால அது உருகினா எத்தனை மில்லிமீட்டர் தண்ணி ஆகுமோ, அத்தனை கிலோ ஒரு சதுர மீட்டர் மேல இருக்குன்னு அர்த்தம். சிக்கல் எங்கன்னா, உருக்கிப் பாக்காம கண்ணால பாத்து சொல்றதுல. கட்டடம் டிசைன் பண்றதுக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பு (கோட்) ஆன ஈஎன் 1991-1-3ல ஒரு டேபிள் இருக்கு, புதுசா விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு சுமாரா 100 கிலோ, சில மணி நேரமோ சில நாளோ ஆகி படிஞ்சது 200, வாரக்கணக்குல மாசக்கணக்குல கிடந்த பழைய பனி 250லேந்து 350, ஈரமான பனி 400. ஐஸா இறுகிப் போனா 900க்கு மேல போயிடும். குளிர் ரொம்ப இருக்கறப்போ விழற உலர்ந்த பனி 50 கிலோவா கூட இருக்கலாம்.

இப்போ ரைஷன்ஹால் கூரையோட டிசைன் லோட எடுத்துக்குவோம், சதுர மீட்டருக்கு 150 கிலோ பனி. அது எத்தனை செ.மீ. பனின்னு யாராவது கேட்டா பதில் என்ன? புதுப் பனின்னா 150 செ.மீ., இடுப்பு உயரத்துக்கும் மேல. படிஞ்ச பனின்னா 75. பழைய பனி 50. ஈரப் பனின்னா 37, 38 செ.மீ. போதும். வெறும் ஐஸ்னா 17 செ.மீ.க்குள்ளயே வந்துடும். ஒரே கூரை, ஒரே லிமிட், டெப்த் மட்டும் ஒன்பது மடங்கு மாறுது. அதனால "நம்ம கூரை அரை மீட்டர் வரைக்கும் தாங்கும், கவலப்படாதீங்க" அப்படின்னு யாராவது பராமரிப்பு ஆளுங்க கிட்ட சொல்லி வச்சிருந்தா அந்த வாக்கியத்த உடனே மறக்கச் சொல்லணும், அது ஒரு அர்த்தமும் இல்லாத வாக்கியம். செ.மீ.ல சொல்ற லிமிட்டே இருக்கக்கூடாது, கிலோல தான் இருக்கணும்.

இதுல இன்னும் ஆபத்தானது மழை. பனி மேல மழை பெஞ்சா பனி அமுங்கும், உயரம் குறையும், கீழேந்து பாக்கறவங்களுக்கு "அப்பாடா குறைஞ்சுடுச்சு"ன்னு தோணும். ஆனா தண்ணி உள்ள ஊறி அங்கயே நிக்கும், முக்கியமா தட்டையான கூரைல. கணக்குக்கு ஒண்ணு: 60 செ.மீ. பனி, கன மீட்டருக்கு 150 கிலோ, அப்போ சதுர மீட்டருக்கு 90 கிலோ. அது மேல 20 மில்லிமீட்டர் மழை விழுது, எல்லாம் உள்ளயே நிக்குதுன்னு வச்சா 110 கிலோ. அதே சமயம் உயரம் 60லேந்து 45க்கு வந்திருக்கும். உயரம் கால்வாசி குறைஞ்சுது, வெயிட் 20 கிலோ ஏறிடுச்சு. கனடா கோட்ல இதுக்குன்னே மழைக்கு ஒரு தனி லோடு கூட்டணும்னு ஃபார்முலாலயே வச்சிருக்காங்க. வடிகால் வாய்ல ஐஸ் அடைச்சிருந்தா இன்னும் மோசம், தண்ணி ஒரு இடத்துல தேங்கும், அந்த இடம் தொய்யும், தொய்ஞ்ச இடத்துக்கு இன்னும் தண்ணி வரும்.

அப்போ எப்படித்தான் அளக்கறது? வெட்டி எடுத்து எடை போடறது ஒண்ணுதான் நம்பகமான வழி. இதுக்கு பெரிய கருவி எதுவும் வேண்டாம். கூரை மேல 30 செ.மீ.க்கு 30 செ.மீ. சதுரமா குறிச்சு, மேலேந்து கூரை பரப்பு வரைக்கும் நேரா வெட்டி, மொத்த பனியையும் ஒரு பையில அள்ளி லக்கேஜ் தூக்கிப் பாக்கற தராசுல போட்டா போதும். அந்த சதுரம் 0.09 சதுர மீட்டர், பையில 9 கிலோ வந்தா சதுர மீட்டருக்கு 100 கிலோ. குழாய் வச்சும் எடுக்கலாம், உள் விட்டம் 10 செ.மீ.ன்னா ஒரு கிலோ பனி வந்தா 127 கிலோன்னு கணக்கு. ஆனா குழாய் சின்னதா இருந்தா விட்டத்துல வர்ற சின்ன தப்பு கூட பெருசா அடிக்கும், 10.5 செ.மீ. குழாய 10ன்னு நினைச்சு கணக்கு போட்டா ரிசல்ட் பத்து சதவீதம் கூடிப் போயிடும். அதனால எனக்கு சதுரமா வெட்டறதுதான் பிடிக்கும், மெனக்கெடணும், ஆனா மனசுக்கு நிம்மதி.

(குழாய் போட்டு பனிய எடை போடற வழக்கத்துக்கு அமெரிக்காவுல வழி காட்டினவர் ஜேம்ஸ் சர்ச்னு நெவாடா யூனிவர்சிட்டி பேராசிரியர், சொல்லிக் கொடுத்தது லத்தீன் மாதிரியான பழைய இலக்கியம். அங்க இன்னைக்கும் பரவலா இருக்கற குழாயோட உள் விட்டம் 1.485 இன்ச், ஏன்னா அந்த விட்டத்துல ஒரு அவுன்ஸ் பனி வந்தா அது சரியா ஒரு இன்ச் தண்ணி, கணக்கே போட வேண்டாம். மலை உச்சில விரல் விறைச்சு நிக்கறவங்க கால்குலேட்டர் தேட வேண்டாம்னு யோசிச்சு செஞ்ச அளவு, அந்த அக்கறை ரொம்ப பெருசு.)

வெட்டும்போது எல்லாரும் விடற இடம் அடில இருக்கற ஐஸ். மேல பனி வந்துடும், அடில கூரையோட ஒட்டி இறுகிப் போன ஐஸ் லேயர் குழாய்க்குள்ள வராது, மண்வெட்டிக்கும் வராது, "பனி எடுத்தாச்சு"ன்னு எடை போட்டுடுவாங்க. 3 செ.மீ. ஐஸ்னா சதுர மீட்டருக்கு 27 கிலோ, 150 கிலோ லிமிட்ல அது கிட்டத்தட்ட ஐஞ்சுல ஒரு பங்கு. ஐஸ் வரலன்னா அதோட கனத்த தனியா அளந்து கூட்டியே ஆகணும்.

அடுத்தது எங்க வெட்டறதுங்கறது. நடுவுல நல்லா சமமா இருக்கற இடத்துல ரெண்டு மூணு எடுத்து சராசரி போட்டா அழகா ஒரு நம்பர் வரும், ஆனா பனி கூரைல சமமா படியறதே இல்ல. காத்து ஒரு பக்கத்துலேந்து வாரி இன்னொரு பக்கத்துல கொட்டும், உயரமான சுவர் பக்கத்துல, கைப்பிடிச்சுவர் ஓரத்துல, ஏசி யூனிட் பின்னாடி, உயரமான கூரையும் தாழ்ந்த கூரையும் சேர்ற இடத்துல, முக்கோணமா மேடு கட்டும். கூரை மொத்தத்துக்கும் சராசரி 90 கிலோன்னு வரலாம், அதே கூரைல ஒரு மூலைல 200 கிலோ இருக்கலாம், அந்த மூலைல கூரைத் தகட்ட தாங்கற பர்லின்ங்கற சின்ன குறுக்குக் கட்டைக்கு உங்க சராசரி பத்தி எதுவும் தெரியாது, அது மேல இருக்கறது தான் அதுக்கு லோடு. அதனால ரெண்டு விதமா யோசிக்கணும். பெரிய மெயின் பீமுக்கு அது சுமக்கற பரப்போட சராசரி முக்கியம், சின்ன மெம்பருக்கு, அதாவது கூரையத் தாங்கற சின்ன துண்டுக்கு, அந்த இடத்து அதிகபட்சம் முக்கியம். ரெண்டுக்கும் தனித்தனியா சாம்பிள் வேணும்.

மேல ஏறவே முடியாத நிலைமைன்னா, அல்லது ஏறறது ஆபத்துன்னா, வானிலை ஸ்டேஷன் டேட்டா இருக்கு. கடைசியா கூரை காலியா இருந்த நாள்லேந்து இன்னைக்கு வரைக்கும் விழுந்த மொத்த மில்லிமீட்டர் தண்ணி அளவ கூட்டினா அதுதான் சதுர மீட்டருக்கு கிலோ, உருகி ஓடினது காத்துல போனது எதையும் கழிக்காம. பொதுவா இது அதிகபட்ச கணக்கு, ஆனா ரெண்டு எச்சரிக்கை உண்டு, காத்து அடிக்கும்போது மழைமானிக்குள்ள பனி சரியா விழாது, அதனால ஸ்டேஷன் நம்பரே குறைச்சலா இருக்கலாம், அப்புறம் மேடு கட்டற இடங்களுக்கு இந்த கணக்கு உதவவே உதவாது.

இன்னொண்ணும் சொல்லணும், எந்த ஊருக்கு எவ்ளோ பனின்னு கோட்ல இருக்கற மேப்போட நம்பர் தரைல இருக்கற பனி. கூரைக்கு அத அப்படியே வைக்க மாட்டாங்க, ஐரோப்பிய கோட்ல 30 டிகிரி சாய்வு வரைக்கும் 0.8 பெருக்குவாங்க, அதுக்கு மேல குறைஞ்சுட்டே போய் 60 டிகிரில பூஜ்யம். காத்து வாரிட்டுப் போற திறந்த இடமா, மறைவான இடமா, கூரை கீழேந்து சூடு வருதாங்கறதுக்கெல்லாம் தனி ஃபேக்டர். அந்த தரை நம்பர் 50 வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற பனிங்கறதுக்கு, 50 வருஷம் நிம்மதின்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு வருஷமும் 2 சதவீதம் வாய்ப்பு, 50 வருஷத்துல ஒரு தடவையாவது அத தாண்டறதுக்கு வாய்ப்பு 64 சதவீதம். அதனாலதான் தேவைக்கு மேல கொஞ்சம் கூடுதல் பலம் வர்ற மாதிரி சேஃப்டி ஃபேக்டர்னு ஒண்ணு வைக்கறாங்க, அது எக்ஸ்ட்ரா கிடையாது, அது கணக்கோட பாகம். இத இங்க அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு, ரைஷன்ஹால்ல காணாம போனது சரியா அந்த பாகம்தான்.

இப்போ அந்த ஹாலுக்கு வருவோம். 1970களோட ஆரம்பத்துல கட்டினது, 1973ல திறந்தாங்க. கூரை தட்டை, சுமாரா 75 மீட்டருக்கு 48 மீட்டர், 3600 சதுர மீட்டர். 150 கிலோ வீதம் பாத்தா 540 டன் பனிக்கு டிசைன். பத்து மெயின் பீம், எல்லாம் மரத்துல செஞ்ச பாக்ஸ் பீம், அதாவது உள்ள காலியா பெட்டி மாதிரி இருக்கற பீம், ஒவ்வொண்ணும் 2.87 மீட்டர் உயரம், சராசரியா ஒரு பீம் தலைல 54 டன் பனி. மேலயும் கீழயும் ஒட்டுமரக் கட்டை, ரெண்டு பக்கமும் கேம்ஃப் பலகைன்னு சொல்ற, பலகைகள குறுக்கும் நெடுக்குமா ஒட்டி செஞ்ச தகடு, எல்லாமே கோந்துல நிக்கறது. அந்த வகை பீமுக்கு அப்போ இருந்த பொது அனுமதி 1.2 மீட்டர் உயரம் வரைக்கும்தான். இங்க ரெண்டு மடங்குக்கும் மேல. தனி அனுமதி வாங்கி இருக்கணும், வாங்கல.

இன்னும் இருக்கு. அவ்ளோ நீளமான கட்டைய ஒரே துண்டா கொண்டு வர முடியாது, அதனால ரெண்டு துண்டையும் விரல் கோத்த மாதிரி வெட்டி ஒட்டுவாங்க. அந்த ஜாயிண்ட் முழுக் கட்டைய விட பலம் கம்மி, கணக்குல அதுக்கு குறைச்சுக்கணும், குறைக்கல. இன்னொரு எஞ்சினியர் உக்காந்து கணக்க சரிபாத்து கையெழுத்து போட்டிருக்கணும், அப்படி ஒரு சரிபாத்த கணக்கு இருந்ததா தெரியல. அப்போ கட்டி முடிச்ச நாள்லயே, கோந்து புதுசா மரம் காஞ்சு இருந்த நாள்லயே, இருக்க வேண்டிய சேஃப்டி இல்ல.

அதுக்கப்புறம் கோந்து. அவங்க உபயோகிச்சது யூரியா ஃபார்மால்டிஹைடு. காஞ்ச இடத்துல நல்லா இருக்கும், ஈரத்துல நாளாவட்டத்துல உடைஞ்சு பலம் போயிடும். ஐஸ் ரிங்க்ல ஈரம் எப்படி வரும்னு யோசிக்கலாம், கூரை ஒழுகினா வரும், அது ஒரு பக்கம், ஆனா ஒழுகாமலே வரும். கீழ ஐஸ் தரை கிடக்குது, மேல இருக்கற மரத்தோட அடிப்பக்கம் அந்த ஐஸ நேரா பாத்துட்டு இருக்கு, கதிர்வீச்சு மூலமா மரம் தன்னோட சூட்ட ஐஸுக்கு இழந்துட்டே இருக்கும், அப்போ மரம் சுத்தி இருக்கற காத்த விட குளிர்ச்சியாகி அதுல ஈரம் வேர்க்கும். முப்பது வருஷத்துக்கும் மேல சீசன் சீசனா இதே நடந்திருக்கு. பாக்ஸ் பீம்ங்கறதால பல ஒட்டு இணைப்பு பெட்டிக்கு உள்பக்கம், வெளிலேந்து பாத்தா மரம் நல்லா தான் தெரியும்.

2003ல ஒரு எஞ்சினியர் அந்த கட்டடத்த பாத்திருக்கார், சீரமைக்க எவ்ளோ செலவாகும்னு மதிப்பிடற வேலைக்காக. தாங்கற அமைப்பு பொதுவா நல்ல நிலைமைல இருக்குன்னு அறிக்கைல எழுதினார். பின்னாடி இது கோர்ட்ல பெரிய விஷயமாச்சு, ட்ரவுன்ஷ்டைன்ங்கற ஊர்ல இருக்கற கோர்ட் 2008ல அவர விடுவிச்சுது, 2010ல ஜெர்மனியோட உச்ச கூட்டாட்சி கோர்ட் அந்த விடுதலைய ரத்து பண்ணி திரும்ப விசாரிக்க சொல்லுச்சு, மறுவிசாரணைல 2011ல திரும்பவும் விடுவிச்சாங்க. கூரைய டிசைன் பண்ண எஞ்சினியருக்கு 18 மாசம், ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. யாருக்கு எவ்ளோ தண்டனைங்கறத விட எனக்கு அந்த ஒரு வரி தான் உறுத்துது, "நல்ல நிலைமை". அப்படி ஒரு வரி ஃபைல்ல இருந்தா அதுக்கப்புறம் பனி அளக்கறவங்க யாரும் 150ங்கற நம்பர சந்தேகப்பட வழியே இல்ல. எதுக்காக பாத்தாங்க, எவ்ளோ கிட்ட போய் பாத்தாங்கன்னு அந்த வரிக்கு பக்கத்துலயே எழுதி இருக்கணும், பைனாகுலர்ல பாத்ததுக்கும் ஏணி போட்டு கோந்து கோட்ட கத்தியால குத்திப் பாத்ததுக்கும் ஒரே வார்த்தை இருக்கக்கூடாது.

விழுந்த விதமும் முக்கியம். கிழக்குப் பக்கம் இருந்த ஒரு பீம் முதல்ல போயிருக்கு. குறுக்க பீம்கள இணைக்கற அமைப்பு ரொம்ப விறைப்பா இருந்ததால, போன பீமோட லோடு பக்கத்து பீமுக்கு போச்சு, அதுவும் ஏற்கனவே பலவீனமானது தான், அது போச்சு, அடுத்தது, ஜிப் கழண்ட மாதிரி கூரை முழுக்க. தனித்தனியா இருந்திருந்தா ஒரு பகுதி மட்டும் விழுந்திருக்கலாம். விசாரிச்ச நிபுணர்கள் சொன்னது, இதுல எந்த ஒரு காரணமும் தனியா இருந்திருந்தா கூரைய வீழ்த்தி இருக்காது, எல்லாம் சேர்ந்ததாலதான்னு.

சரி, அன்னைக்கு மதியத்துக்கு திரும்பலாம். அளந்தவங்களுக்கு மேல சொன்ன எதுவும் தெரியாது. அவங்க கையில இருந்தது ஒரு லிமிட், ஒரு அளவு, அளவு லிமிட்டுக்குக் கீழ. அவங்கள குறை சொல்றது எனக்கு நியாயமா படல. ஆனா அந்த முடிவ எஞ்சினியரிங் கண்ணோட பிரிச்சுப் பாக்கணும், ஏன்னா இதே முடிவ ஒவ்வொரு குளிர்காலமும் எத்தனையோ இடத்துல எடுக்கறாங்க. சாயந்திரம் ட்ரெய்னிங் வேண்டாம், கூரைய க்ளீன் பண்ணணும்ங்கற முடிவுக்கு வந்துட்டாங்கன்னா, மனசுக்குள்ள ஏதோ ஒரு எல்லைய தாண்டிட்டாங்கன்னு அர்த்தம். பனி இன்னும் விழுந்துட்டு இருக்கு, வெயிட் ஏறிட்டு இருக்கு, க்ளீன் பண்ண ஆள் வரணும், அதுக்கு நேரம் ஆகும். அப்போ வரிசை இப்படித்தான் இருக்கணும்: மொதல்ல கீழ இருக்கறவங்கள வெளில அனுப்பணும், அப்புறம் க்ளீன் பண்றத பத்தி யோசிக்கணும். க்ளீன் பண்ற லெவலும் ஆளுங்கள வெளியேத்தற லெவலும் ரெண்டு தனி நம்பரா வைக்கறதுன்னா, கூரையோட பலம் நிச்சயமா தெரிஞ்சிருக்கணும். தெரியாத கூரைக்கு ரெண்டும் ஒரே நம்பர் தான்.

அந்த நம்பர் எவ்ளோ வைக்கலாம்? பலம் சரிபாத்த, நல்லா பராமரிச்ச கூரைக்கு டிசைன் பனி லோடுல பாதி தாண்டும்போதே தினமும் அளக்க ஆரம்பிச்சு, முக்கால்வாசி வரும்போது க்ளீன் பண்ற வேலை முடிஞ்சிருக்கணும்ங்கறது என்னோட கருத்து, இது கோட்ல இருக்கற விதி இல்ல. அளவ சொல்லும்போது ஒத்த நம்பரா சொல்லாம ரேஞ்சா சொல்லணும், "118 கிலோ"ன்னு சொன்னா லிமிட்டுக்கு 32 கிலோ இருக்கேன்னு தோணும், "95லேந்து 140க்குள்ள"ன்னு சொன்னா முடிவு எடுக்கறவங்க வேற மாதிரி யோசிப்பாங்க, ரெண்டுமே ஒரே சாம்பிள்லேந்து வந்த ரிசல்ட்டா இருந்தாலும். அதோட நாளைக்கு எவ்ளோ விழும்ங்கற வானிலை கணிப்பையும் கூட்டித்தான் லிமிட்டோட ஒப்பிடணும், இன்னைக்கு இருக்கறத மட்டும் வச்சு இல்ல. கூரை மேல பின்னாடி சேர்த்த சோலார் பேனல், ஏசி, பழசு மேலயே போட்ட புது வாட்டர்ப்ரூஃபிங் லேயர், இதெல்லாம் அந்த 150லேந்து தின்னுட்டு இருக்கும், அதையும் கழிக்கணும்.

க்ளீன் பண்றதுலயே கூரைய விழ வைக்க முடியும்ங்கறதும் தெரிஞ்சு இருக்கணும். ஒரு பக்கம் மொத்தமா தள்ளிட்டு மறுபக்கம் அப்படியே விட்டா லோடு சமன் இல்லாம போய் சில மெம்பர்ல அழுத்தத்துக்கு பதிலா இழுவிசை வரும், அதுக்கு அது டிசைன் பண்ணப்படாம இருக்கலாம். பனிய கூரை மேலயே ஒரு இடத்துல குவிச்சு அப்புறம் தள்ளலாம்னு நினைக்கறது இன்னும் மோசம். பட்டை பட்டையா, ரெண்டு பக்கமும் மாறி மாறி, அடில கொஞ்சம் விட்டு எடுக்கணும். மேல போறவங்களுக்கு கட்டாயம் கயிறு வேணும், பனிக்கு அடில ஸ்கைலைட் (வெளிச்சத்துக்கு வச்ச கூரைக் கண்ணாடி) எங்க இருக்குன்னு குறிச்சு வச்சிருக்கணும். ஜப்பான்ல கூரைப் பனி தள்ளப் போய் விழுந்து இறக்கறவங்க ஒவ்வொரு குளிர்காலமும் உண்டு. கூரை ஏற்கனவே சத்தம் போடுதுன்னா யாரும் மேல போகவே கூடாது.

ரைஷன்ஹால் நடந்து நாலு வாரம் கூட ஆகல, ஜனவரி 28, போலந்துல காட்டோவிட்சே பக்கத்துல ஒரு எக்ஸிபிஷன் ஹால், உள்ள புறா கண்காட்சி, சாயந்திரம் கூரை விழுந்து 65 பேர் போயிட்டாங்க. இது நேர் எதிரான கேஸ், கூரைல பனியும் ஐஸும் சேர்ந்து கிடந்துச்சு, எடுக்கல. கட்டி ரெண்டே வருஷத்துல, 2002லயே பனியால அந்த கூரை வளைஞ்சு சேதமாகி இருக்கு, கூரை தன்னோட பலம் என்னன்னு அப்பவே சொல்லிடுச்சு. டிசைன்லயும் பெரிய தப்பு இருந்துச்சு. வெளியேறற கதவு சிலது பூட்டி இருந்துச்சு. ரெண்டு கேஸையும் பக்கத்துல வச்சுப் பாத்தா, ஒரு இடத்துல பனிய அளந்தும் பத்தல, இன்னொரு இடத்துல கூரை நேரடியா காட்டியும் அத நிரந்தரமா கணக்குல எடுத்துக்கல.

ரெண்டு நாடும் இதுக்கப்புறம் சட்டத்துல வழிமுறைல மாத்தம் கொண்டு வந்தாங்க. ஜெர்மனில 2006லயே கட்டட உரிமையாளர்களுக்கு, எந்த கட்டடத்த எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவ யார் பாக்கணும்னு வழிகாட்டி வந்துச்சு, 2010ல ஜெர்மன் எஞ்சினியர்கள் சங்கத்தோட விடிஐ 6200ன்னு முழு விதிமுறை வந்துச்சு, அதுல மக்கள் கூடற, நடுவுல தூண் இல்லாம கூரை ரொம்ப தூரம் போற கட்டடங்கள தனி வகையா பிரிச்சு, கிட்ட போய் கையால தொட்டுப் பாக்கற ஆய்வ வைச்சாங்க. போலந்துல பெரிய பரப்பு கட்டடங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவ ஆய்வு கட்டாயம், மே கடைசிக்குள்ள ஒண்ணு, நவம்பர் கடைசிக்குள்ள ஒண்ணு. இந்த தேதிகள் எனக்கு ரொம்ப சரியா படுது, ஒண்ணு பனி போனதுக்கப்புறம் என்ன சேதம்னு பாக்க, ஒண்ணு பனி வர்றதுக்கு முன்னாடி.

கடைசியா, கூரையோட பலத்த நேரடியா கேக்கறதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு, அதுக்கு இன்னும் நிறைய இடத்துல பழக்கம் வரல. வெயில் காலத்துல, கூரை மேல ஒண்ணும் இல்லாதப்போ, தரைலேந்து ஒவ்வொரு மெயின் பீமோட நடுவுக்கும் லேசர் மீட்டர் வச்சு உயரம் எடுத்து எழுதி வைக்கணும், தரைல அதே புள்ளிய பெயிண்ட்ல குறிச்சு. பனி காலத்துல அதே புள்ளிலேந்து திரும்ப எடுக்கணும். இத்தனை கிலோ பனிக்கு இத்தனை மில்லிமீட்டர் தொய்யணும்னு எஞ்சினியர் கணக்கு போட்டுக் கொடுத்திருப்பார். மேல வெட்டி எடுத்த எடையும் கீழ எடுத்த தொய்வும் ஒத்துப்போனா ரெண்டு நம்பரும் ஒண்ண ஒண்ணு சரிபாக்குது. எடை கம்மி, தொய்வு அதிகம்னா ஒண்ணு எடை அளந்தது தப்பு, இல்லன்னா பீம் பலவீனமாயிடுச்சு, எதுவா இருந்தாலும் ஹால காலி பண்ணிட்டுத்தான் எதுன்னு கண்டுபிடிக்கணும்.

1978 ஜனவரி 18 விடியக்காலைல அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்டு சிவிக் சென்டரோட ஸ்டீல் கூரை விழுந்துச்சு, சில மணி நேரம் முன்னாடி அங்க சுமாரா ஐயாயிரம் பேர் பாஸ்கெட்பால் பாத்துட்டுப் போயிருந்தாங்க. தாங்கணும்னு கணக்கு போட்ட மொத்த லோடுல சுமாரா பாதிதான் அப்போ மேல இருந்துச்சு. அந்த கூரைய கட்டும்போதே கணக்குல வந்ததவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தொய்ஞ்சிருக்கு, அளந்து சொல்லியும் இருக்காங்க, பரவால்லன்னு விட்டுட்டாங்க. தொய்வு அளக்கறதுக்கும் எல்லை உண்டு, ஸ்டீல் மெம்பர் பக்கவாட்டுல வளைஞ்சு போறதும் கோந்து பிரியறதும் பெருசா தொய்வு காட்டாம சட்டுனு நடக்கலாம், அதனால தொய்வு சரியா இருக்குங்கறத மட்டும் வச்சு பாதுகாப்புன்னு சர்டிஃபிகேட் கொடுக்க முடியாது. ஆனா தொய்வு தப்பா இருந்தா, மேல எத்தனை கிலோ பனின்னு எந்த கணக்கு சொன்னாலும், அந்த கூரைக்கு கீழ ஆள் இருக்கக்கூடாது.